கலியுகம் கொடுத்த அடி

தோற்ற பத்தாவது விநாடியில் எனக்கு ஒரு கருத்து உதிக்கும். ஜெயித்தபோது உதித்ததாக நினைவில்லை, ஜெயித்ததே அபூர்வம். சோல்கேலிபர் என்கிற ஆயுதச் சண்டை கேமைப் பற்றி என்னிடம் எட்டோ ஒன்பதோ கருத்துகள் இருக்கின்றன. எல்லாம் உறுதியானவை, யாரும் கேட்காமலே சொல்லக்கூடியவை. போன மாதம் கரண்ட் போன ஓர் இரவில், விசிறிக்கொண்டே, இவை ஒவ்வொன்றும் எப்போது பிறந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஜாதகம் எழுத முடிந்தது. அந்தந்த நாளில் நான் யாரிடமோ உதை வாங்கியிருக்கிறேன்.

மூத்த கருத்து 2004-இல் பிறந்தது. மதுரையில் எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சந்தில் கேம் கடை இருந்தது. பழைய சைக்கிள் ஸ்டாண்டைத் தடுத்துப் பச்சைத் திரை தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன் 2, மணிக்குப் பதினைந்து ரூபாய். மூன்று டிவியில் கிரிக்கெட்டும் டெக்கனும் ஓடும், முறைக்கு ஆள் காத்திருக்கும். நாலாவதில் சோல்கேலிபர் 2. அதற்குக் கூட்டம் கிடையாது என்பதால் அதில் போய் உட்கார்ந்தேன். "எனக்கு அப்பவே ரசனை வேற மாதிரி" என்று பிற்காலத்தில் பலரிடம் நான் சொன்னதன் பின்னணி இவ்வளவுதான்.

டெக்கனைச் செய்த அதே நாம்கோ நிறுவனத்தின் கேம்தான் இதுவும். 1995-இல் சோல் எட்ஜ் என்று தொடங்கி, 1998-இல் சோல்கேலிபர் ஆனது. மறு வருடம் அது ட்ரீம்காஸ்டுக்கு வந்தபோது ஜப்பானின் ஃபமிட்சு இதழ் நாற்பதுக்கு நாற்பது கொடுத்தது. அதற்கு முன்னால் அந்த மதிப்பெண்ணை வாங்கியிருந்தது ஒரே ஒரு கேம்தான். டெக்கனில் கையும் காலும். இதில் ஆளுக்கோர் ஆயுதம். மிட்சுருகியிடம் ஜப்பானிய வாள். அஸ்டராத்திடம் ஆள் உயரக் கோடரி. ஐவியின் வாள் துண்டு துண்டாகப் பிரிந்து சாட்டையாக நீளும். கிலிக் என்கிற பையனிடம் ஒரு கம்பு.

அந்தக் கம்பிடம்தான் வருகிறேன்.

ஒரு நாள் கடைக்காரரின் அண்ணன் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூன்றாம் வகுப்பு, கால் தரையைத் தொடாது, மடியில் முறுக்குப் பொட்டலம். "அண்ணே, நானும் ஆடவா?" என்றான். பாவம், சின்னப் பையன், ஒரு ஆட்டம் விட்டுக்கொடுப்போம் என்று பெருந்தன்மையாக நினைத்தேன். அவன் கிலிக்கை எடுத்தான். நான் மிட்சுருகி. அடுத்த இரண்டு நிமிடம் திரையில் கம்பு மட்டும்தான் தெரிந்தது. மேலே வருகிறது, கீழே வருகிறது, சுற்றி வருகிறது. ஒரு சுற்றுகூட எனக்குத் தேறவில்லை.

"தம்பி, எந்த பட்டனை அமுக்கின?"

"எல்லாத்தையும்ணே."

அந்த நிமிடம் கருத்து பிறந்தது: கிலிக் என்பது கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அடிப்பவர்களுக்காகச் செய்த ஆள், அவனை எடுப்பது ஆட்டமே இல்லை. இதைப் பல வருடம் சொல்லித் திரிந்தேன். உலகம் முழுக்க இந்த கேமை ஆடுகிறவர்களில் எத்தனையோ பேர் இதே புகாரைச் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. அவர்கள் எல்லாரையும் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் அடித்திருக்கிறான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த கேமில் அடிப்படைப் பட்டன் நாலுதான்: வீச்சு, வெட்டு, உதை, காவல். மேலிருந்து இறங்கும் வெட்டுக்குப் பக்கவாட்டில் ஓரடி விலகினால் போதும். பக்கவாட்டில் வரும் வீச்சோ, விலகுகிறவனைத்தான் தேடிப் பிடிக்கும். அது உயரமாக வந்தால் குனிய வேண்டும், இல்லையென்றால் காவலில் வாங்கிக்கொண்டு அது ஓய்ந்ததும் திருப்பித் தர வேண்டும். கிலிக்கின் கம்பு நீளம், வீச்சும் அதிகம். விலகாதே, தடு, குனி, திருப்பி அடி. கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். எனக்குப் பதினாறு வருடம் ஆனது. இத்தனைக்கும் நான் ஆறாம் வகுப்பில் நாலு மாதம் சிலம்பம் கற்றவன். வாத்தியார் முதலில் சொல்லிக்கொடுத்ததே, கம்பு வந்தால் குனி என்பதுதான். அங்கேயும் குனியவில்லை, அதனால்தான் நாலு மாதம்.

கிலிக்கின் கம்புக்கு ஒரு பெயர் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. கலியுகம். ஆமாம், அதேதான். கதையில் மூன்று புனிதப் பொருள்கள் வருகின்றன. கம்பு கலியுகம். ஷியாங்ஹுவா என்ற பெண்ணின் வாள் கிருத யுகம். ஒரு கண்ணாடி இருக்கிறது, அது துவாபர யுகம். திரேதா யுகத்தை மட்டும் ஜப்பான்காரர்கள் ஏனோ விட்டுவிட்டார்கள். எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் "கலி முத்திப்போச்சு" என்பாள். மூன்றாம் வகுப்புப் பையன் கையில் கலியுகம் கிடைத்து, அதை முதுகில் வாங்கிய பேரன் இருக்கிறான் என்று அவளுக்குச் சொல்ல முடியாமல் போயிற்று.

அதே கடையில் இன்னொரு கருத்தும் பிறந்தது. சோல்கேலிபர் 2-இல் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விருந்தாளி. கேம்கியூப் வைத்திருந்தவர்களுக்கு செல்டா கேமின் லிங்க், எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு ஸ்பான், பிளேஸ்டேஷன்காரர்களான எங்களுக்கு டெக்கன் கிழவர் ஹெய்ஹாச்சி. வாளோ கம்போ எதுவும் இல்லாமல் கையில் இரும்புக் கவசத்தோடு வருவார். ஆயுதச் சண்டையில் இவருக்கு என்ன வேலை என்று கொதித்தேன். கடைக்காரர் அவரை வைத்து என்னை அடித்த பிறகுதான் கொதித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலை, கல்யாணம், சென்னை, வாடகை வீடு என்று நடுவில் ஒரு பதினைந்து வருடம் ஆட்டமே கிடையாது. கருத்துகள் மட்டும் தடையின்றி வளர்ந்தன. 2012-இல் ஐந்தாம் பாகம் வந்தது. கதையைப் பதினேழு வருடம் முன்னோக்கித் தள்ளி, பழைய ஆட்களில் பலரை எடுத்துவிட்டு, அவர்களுடைய பிள்ளைகளையும் சீடர்களையும் கொண்டுவந்தார்கள். சோஃபிடியா இல்லை, அவள் மகன் இருக்கிறான். டாக்கி இல்லை, சீடப்பெண் இருக்கிறாள். ரசிகர்கள் கொந்தளித்தார்கள். நானும் கொந்தளித்தேன். அலுவலக கேன்டீனில் ஒரு மதியம் முழுக்க ஐந்தாம் பாகம் எப்படிக் கெட்டுப்போனது என்று விளக்கினேன். ஐந்தாம் பாகத்தை நான் அன்றைக்கு வரை தொட்டதில்லை. இன்றைக்கு வரையும் இல்லை.

அதற்கு முந்தைய பாகத்தில் ஸ்டார் வார்ஸ் யோடாவைச் சேர்த்ததும் என் கண்டனத்துக்குள்ளானது. ஆள் அவ்வளவு குள்ளம், உயரமாக வரும் அடி தலைக்கு மேலே போய்விடும், பிடிக்கப் போனால் கைக்குச் சிக்காது. வாமன அவதாரத்தோடு மல்லுக்கட்டுவது எப்படி நியாயம் என்று கேட்டேன். நல்ல கேள்விதான். அந்தப் பாகத்தையும் நான் ஆடியதில்லை.

இந்த வரிசையில் பெரிய பொய் ஒன்று பாக்கி. இப்படி ஆளை ஆள் வெட்டியும் ரத்தம் வராமல் எழுந்து நிற்பது என்ன வாள்சண்டை, 1997-இல் வந்த புஷிடோ பிளேட்தான் நிஜம் என்று சொல்லிவந்தேன். அதில் உயிர்க்கோடு கிடையாது. சரியான இடத்தில் ஒரே வெட்டு, கதை முடிந்தது. முதுகில் குத்தினால் வீர தர்மத்தை மீறினாய் என்று கேமே உன்னை வெளியே அனுப்பிவிடும். இதையெல்லாம் கண் கலங்கச் சொல்வேன். நான் பார்த்தது யூடியூபில் பதினொரு நிமிடம். அக்கா மகனிடமும் இந்தப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாமா, ஒரே வெட்டுல முடியும்னா இன்னும் சீக்கிரமா தோப்பீங்க."

அக்கா மகனைப் பற்றிச் சொல்லவில்லையே. எட்டாம் வகுப்பு முடித்தவன். மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில்தான். கொரோனா நேரத்தில் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றையும் சோல்கேலிபர் 6-ஐயும் வாங்கி வைத்திருந்தேன். 2018-இல் வந்த பாகம் அது. 1998-இன் சோல்கேலிபர் வந்து இருபது வருடம் ஆனதையொட்டிக் கதையை மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார்கள், பழைய ஆட்களும் திரும்பி வந்தார்கள். அவன் டாலிம் என்கிற பெண்ணை எடுப்பான். பிலிப்பைன்ஸ் கிராமத்துச் சிறுமி, இரண்டு முழங்கையோடும் ஒட்டிய கத்திகள். டாலிம் என்றாலே தகலோக் மொழியில் கத்தியின் அலகு என்று பொருள். நான் மாற்றாத ஆள் இல்லை.

முதலில் இணையத்தில் முகம் தெரியாத ஆட்களோடு மோதித்தான் தேறப் பார்த்தேன். அங்கே தோற்றால் சொல்ல ஒரு வார்த்தை தயாராக இருந்தது: லாக். இந்தப் பாகத்தின் இணைய ஆட்டம் நாள்பட்ட முறையில் எழுதப்பட்டது. இணைப்பு சற்று மந்தமானாலும் அமுக்கிய பட்டன் தாமதமாகத்தான் வேலை செய்யும். ஆடுகிறவர்களின் நியாயமான புகார் அது, நான் கண்டுபிடித்ததல்ல. ஆனால் நல்ல சாக்கு கெட்ட பழக்கமாகிவிடும். ஒரு நாள் டாலிமிடம் மூன்றாவது முறையாக விழுந்ததும் என்னையறியாமல், "சே, லாக் அடிக்குதுடா" என்றேன்.

"மாமா, நாம ரெண்டு பேரும் ஒரே சோபால உக்காந்திருக்கோம்."

அடுத்தது ரிவர்சல் எட்ஜ். இந்தப் பாகத்தில் புதிதாக வைத்தது. ஒரு பட்டனைப் பிடித்திருந்தால் எதிராளியின் அடியைத் தாங்கித் திருப்பலாம். பட்டுவிட்டால் காட்சி மெதுவாகி, இரண்டு பேரும் வீச்சா, வெட்டா, உதையா என்று ரகசியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை ஒன்று வெல்லும். கிட்டத்தட்ட ஒத்தையா ரெட்டையா. ஆட்டத்தின் வேகத்தைக் கெடுக்கிறது, திறமையை அதிர்ஷ்டமாக்குகிறது என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். வாங்கிய முதல் நாள், குருட்டாம்போக்கில் இரண்டு முறை சரியாக வந்தபோது, "என்ன அழகா யோசிச்சிருக்கான் பாரேன்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியது நானேதான்.

ஐவியிடம் ஒரு பிடி இருக்கிறது, பெயர் சம்மன் சஃபரிங். கண் இமைப்பதற்குள் ஸ்டிக்கைப் பல திசையில் வரிசை தப்பாமல் சுழற்ற வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவனுக்கு ரசிகர்கள் மத்தியில் தனி மரியாதை. எனக்கும் அந்த மரியாதை வேண்டியிருந்தது. பதினொரு நாள் பயிற்சி. கட்டைவிரலில் தோல் தடித்தது. ஒரு மதியம் மனைவி சாப்பாட்டு மேஜையில், "என்னங்க, சாம்பார்ல என்ன கோலம் போடுறீங்க?" என்றாள். பன்னிரண்டாம் நாள் ஆட்டத்தில், சரியான தூரத்தில், சரியான வரிசையில் சுழற்றினேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஐவி நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தாள். டாலிம் கீழே காத்திருந்தாள். அன்று பிறந்த கருத்து: ஐவி அழகுக்கு வைத்த பொம்மை.

கார்ட் இம்பாக்ட் என்று ஒன்று உண்டு. அடி வந்து படும் கணத்தில் ஆயுதத்தால் தட்டிவிடுவது. இந்த கேமின் உயிரே அதுதான் என்று யாரிடமும் சொல்வேன். என் கணக்கில் அடி எப்போதும் அரை விநாடி கழித்துத்தான் வந்தது. தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு என் வீரன் கொசு விரட்டுவது போல இருக்குமாம். அக்கா சொன்னாள்.

வோல்டோவைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதில் இன மானம் கலந்திருந்தது. வோல்டோ இத்தாலிக்காரன், எஜமானின் புதையலைக் காத்துப் பாதாள அறையிலேயே கிடந்து பார்வை போனவன். சத்தத்தை வைத்துச் சண்டை போடுவான், முதுகைக் காட்டிக்கொண்டு போடுவான், தரையில் பூச்சி மாதிரி ஊர்ந்தும் போடுவான். அவன் இரண்டு கையிலும் இருப்பது கட்டார். உலகம் கட்டார் என்பது நம்முடைய கட்டாரிதான். மற்றக் கத்திகளைப் போல அல்ல. இரண்டு கம்பிக்கு நடுவே குறுக்குப்பிடி, அதை முஷ்டியால் பற்றினால் அலகு கைக்கு நேராக நீண்டு நிற்கும். குத்தினால் முழங்கையின் பலமும் அதில் இறங்கும். அந்த ஜோடிக்கு நாம்கோ வைத்த பெயர் மனஸ், ஆயுஸ். நம் மனசும் ஆயுசும்தான்.

இது போதாதா? அக்கா மகனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. கட்டாரிகள் முன்னால் நின்று, பிடி இப்படி, குத்து இப்படி, கைக்கு மேலே இலை மாதிரி வளைந்திருக்கிறதே அது காவல் தகடு என்று அரை மணி நேரம் பேசினேன். பக்கத்தில் ஒரு குடும்பமும் நின்று கேட்டது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சரி மாமா, வீட்டுக்குப் போய் ஆடலாம்" என்றான்.

வீட்டில் நான் வோல்டோ. சோழ தேசத்துப் பெருமை முழுவதும் என் இரண்டு கட்டைவிரலில். முதல் சுற்றில் வோல்டோ என்னைக் கேட்காமலே முதுகைத் திருப்பிக்கொண்டான். முன்னால் போகிறானா பின்னால் போகிறானா என்று எனக்குக் குழம்பியது. திருப்பலாம் என்று எதையோ அமுக்கினேன், படுத்துவிட்டான். எழுப்பலாம் என்று எதையோ அமுக்கினேன், படுத்தபடியே ஊர்ந்து டாலிமை விட்டு விலகிப் போனான். "மாமா, எங்க போறீங்க?" என்று பையன் உண்மையான அக்கறையோடு கேட்டான். எனக்கும் தெரியவில்லை. மனசும் போய் ஆயுசும் போய்ச் சுற்று முடிந்தது. வோல்டோவை ஆடத் தெரிந்தவனைக் கண்டால் ஆட்டக்காரர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை நான் யாருக்கும் தரவில்லை.

மிட்சுருகியின் கதை இங்கே ஞாபகம் வருகிறது. பெரிய வாள்வீரன். துப்பாக்கி வந்துவிட்டது, அதன் முன்னால் வாள் நிற்காது என்று கண்டு, துப்பாக்கியையும் வெல்லும் வாளைத் தேடித்தான் ஊர் ஊராக அலைகிறான். அவனுக்கே சாக்குச் சொல்ல ஒரு துப்பாக்கி இருந்தது. எனக்கு ரௌட்டர் இருந்தது. ஆனால் அவன் அலைந்தான். நான் சோபாவை விட்டு எழவில்லை.

கடைசியாக ரிங் அவுட். இந்த கேமில் பல மேடைகளுக்குச் சுவர் கிடையாது. விளிம்பைத் தாண்டி விழுந்தால் உயிர்க்கோடு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்தச் சுற்று போச்சு. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு மட்டும் எனக்கு எல்லாம் கூடி வந்தது. அஸ்டராத்தை எடுத்திருந்தேன். இரண்டுக்கு இரண்டு, கடைசிச் சுற்று. என் கோடு முக்கால்வாசி நிற்கிறது, அவனுடையது மயிரிழை. விளிம்பில் முதுகைக் கொடுத்து நிற்கிறாள் டாலிம். தட்டினால் போதும். தட்டுவதா? நான் கோடரியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். மேலிருந்து இறங்கும் வெட்டு. ஓரடி விலகினால் தப்பிக்கலாம் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வெட்டு. டாலிம் ஓரடி விலகினாள். அஸ்டராத் கோடரியோடு என் வீட்டு டிவியின் அடிப்பாகம் வழியாகப் பாதாளத்துக்குப் போனான்.

எழுந்து நின்றே விட்டேன். "இது என்னடா நியாயம்? ஆயுதத்துல ஜெயிக்கணும். கால் தவறி விழுந்ததுக்கெல்லாம் தோல்வின்னா அது சண்டையா? இந்த ரூலை எவன் வச்சான்? இது ஒண்ணுதான் இந்த கேமைக் கெடுக்குது!"

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்க்கக்கூட இல்லை. அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு மேலே குரல் மட்டும் வந்தது.

"அவன் அப்படித்தான்டா. சின்ன வயசுல கபடில கோட்டைத் தாண்டி ஓடிட்டு, கோடு கோணலா இருக்குன்னு அழுவான். தாத்தாதான் மிட்டாய் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வருவாரு."

பையன் சிரிக்கவில்லை. கன்ட்ரோலரை எடுத்து என் கையில் வைத்து, "இன்னொரு ஆட்டம் மாமா" என்றான். அடித்தவன் ஆறுதல் சொல்லும்போதுதான் அடி உறைக்கிறது.

ஊருக்குப் போகும் முன் அவன் என் டைரியின் கடைசிப் பக்கத்தில் விடுமுறைக் கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் 41, நான் 3. அந்த மூன்றில் ஒன்று, அவன் தண்ணீர் குடிக்க எழுந்துபோயிருந்தபோது. இன்னொன்று, கன்ட்ரோலரில் சார்ஜ் தீர்ந்தபோது. மூன்றாவதில் டாலிம் தானாகவே கால் தவறி மேடைக்கு வெளியே விழுந்தாள். அந்த ரிங் அவுட்டைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் வரவில்லை.